கம்பளி போட்ட குதிரைக்காரன்

நனைந்த கம்பளி உடம்புச் சூட்டில் மெல்லக் காயும்போது ஒரு மணம் வரும். ஆட்டு மயிரும் வேர்வையும் தேயிலைச் சாயமும் பழைய அடுப்புப் புகையும் சேர்ந்த மணம் அது. மழைக்காலம் முழுக்க எங்கள் லயத்துக் காம்பராக்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் அறைகளில், அதுதான் நிற்கும் என்பதால் யாரும் அதை ஒரு மணமாகவே எண்ணுவதில்லை. எனக்கு மட்டும் இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் பட்டால் காதுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும், விசிலுக்குப் பின்னால் ஒரு மணி, மணிக்குப் பின்னால் குதிரை ஓடுவது போல ஒரு கித்தார், அதற்கெல்லாம் பின்னால், எத்தனையோ வருடமாக அணையாத அடுப்புத் தணல் போல, நெஞ்சில் ஓர் எரிச்சல். அந்த எரிச்சலுக்குப் பொறாமை என்று பெயர். எனக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. அந்தப் பொறாமைக்கு நாற்பத்து நான்கு வயது.

இலங்கை மலைநாட்டில் பசறைக்கு மேலே, பஸ் போய்த் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு கட்டை, இரண்டு மைல், நடந்தால் வருவது எங்கள் தோட்டம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் தறிக்கிறவர். பேச்சு குறைவு. நானும் அவரைக் கொண்டுதான் பிறந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார். அந்த அப்பா, ஒரு தீபாவளிக்கு எனக்குச் சட்டை வாங்கித் தர முடியாமல் போனதற்காக, பதுளைக்குக் கூட்டிப் போய் தமிழ்ப் படம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மா வரவில்லை. எங்கள் வரிசை லயத்திலிருந்து அன்றைக்குப் படம் பார்க்கப் போனது அப்பாவும் நானும் மட்டும்தான் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு அதை யாரும் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் பண்டாரவளைத் தியேட்டருக்கும் பதுளைத் தியேட்டருக்கும் சில படங்களுக்கு ஒரே படப்பெட்டிதான். அங்கே காலைக் காட்சி ஓடி முடிந்ததும் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி இங்கே அனுப்புவார்கள். நாங்கள் போன அன்று இரண்டு ஊருக்கும் நடுவில் தெமோதரைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. பசறையிலிருந்து வளைவு வளைவாக வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்து, மழையில் நனைந்து தியேட்டர் வாசலில் நின்றால், முதலாளி போல இருந்த ஒருவர் கையை விரித்தார். பெட்டி வரவில்லை, வேறொரு பழைய இங்கிலீஷ் படம் இருக்கிறது, குதிரைப் படம், விருப்பம் என்றால் இருங்கள், இல்லாவிட்டால் அடுத்த கிழமை வாருங்கள் என்று முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார். பாதிப் பேர் போய்விட்டார்கள். அப்பா மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கம்பளியைத் தொட்டுப் பார்த்தார்.

"நனஞ்சது நனஞ்சாச்சு தெய்வான. உள்ளுக்கு ஒக்காந்தா கம்பளியாச்சும் காயும்" என்றார்.

இப்படித்தான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். படத்தின் பெயர் அப்போது தெரியாது, எங்களுக்கு அது "விசில் படம்". பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, கதாநாயகி என்று சொல்லும்படி யாருமில்லை. பேசினாலும் வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாக இருந்தது. அப்பா முதல் குதிரை வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார். ஆனால் அந்த இசை இருந்ததே, அதற்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. முதலில் ஒருத்தன் தனியாக, அவசரமே இல்லாமல், காலியான வழியில் நடந்து போகிறவன் போல விசிலடிப்பான். அது முடிகிற இடத்தில் ஒரு மணி ஒற்றையாக விழும். பிறகு மவுத் ஓர்கன் அழும். நரி ஊளையிடுவது போல ஆட்கள் கூவுவார்கள், அப்போது திரை முழுக்க ஒரு முகம், எங்கள் எதிர் மலை அளவுக்கு ஒரு முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேர்த்துக்கொண்டு நிற்கும். நான் பிறந்ததிலிருந்து பச்சை தவிர வேறு நிறத்தில் மலையைப் பார்த்தவள் இல்லை. அந்தப் படத்தில் ஓர் இலை கூடக் கிடையாது. ஊரே வறுத்த அரிசி மா நிறத்தில் கிடந்தது. அந்தக் காய்ந்த ஊருக்குள் ஒருவன் குதிரையில் வந்தான், அவன் தோளில் கிடந்ததைப் பார்த்ததும் நான் அப்பாவை உலுக்கினேன்.

"அப்பா, அந்தாளு கம்பளி போட்டிருக்காரு."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "அங்கயும் மழையா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப் போனார்.

நடுவில் ஓட்டை போட்டுத் தலையை விட்டுக்கொள்ளும் துணி அது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அது கம்பளிதான். மழையில் கொழுந்து எடுக்கும்போது எங்கள் ஆட்கள் போட்டுக்கொள்கிற அதே கம்பளி, அதே மங்கல், அதே கரை. இத்தனை பெரிய தியேட்டரில் இதைக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரே பெருமை. கடைசியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள், மணி விழுந்தது. அதற்குப் பிறகு நடந்த முடிவையும் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அந்த முடிவை இப்போதே சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

மறுநாள் காலையில் பீலிக்கரையில் கனகுவிடம் சொன்னேன். பீலி என்பது மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம். இரண்டு லயத்துக்கும் அது ஒன்றுதான், வாளியோடு வரிசையில் நின்று ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்க்கிற இடமும் அதுதான். கனகு எங்கள் காம்பராவோடு முதுகு ஒட்டிய பின் காம்பராக்காரி, என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி. கறுப்பு, ஒல்லி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அவர்கள் வீட்டில் இரண்டு ஆடு இருந்ததால் அவளுக்கு விசிலடிக்கத் தெரியும். பெண் பிள்ளை விசிலடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் பெரிய சட்டம், "பொம்பளப் புள்ள சீட்டி அடிச்சா வீடு வெளங்காது" என்று அவள் அம்மா ராக்கம்மா அத்தை வாயிலேயே அடிப்பாள், ஆனால் ஆடு கனகுவின் விசிலுக்குத் தவிர வேறெதற்கும் வராது என்பதால் அந்தி நேரத்தில் மட்டும் சட்டம் தளர்ந்து கொடுக்கும்.

எனக்கு விசில் வராது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகித்தான் காட்டினேன், அதுவும் யாருக்கும் கேட்காமல் அவள் காதுக்குப் பக்கத்தில். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், இன்னொரு தடவை என்றாள், இன்னொரு தடவை என்றாள். பிறகு ஈரக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். நான் முனகியதை அல்ல, தியேட்டரில் நான் கேட்டதை அடித்தாள். நான் விட்டுவிட்ட வளைவுகள் கூட அதில் இருந்தன. அந்தக் காய்ந்த வழியும் தனியாளும் அவள் பல் சந்துக்குள்ளிருந்து வெளியே வந்தன. பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னாடி பாட்டு இது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு படத்துல வருது. நாங்க பாத்தோம்" என்றாள் கனகு.

"நாங்க" என்றுதான் சொன்னாள். அந்தச் சொல்லை நான் எத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கே நான் "நாங்க இல்ல, நான்" என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு நாக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் கனகு படத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். மணி அடிக்கும் என்று சொன்னால் யார் அடிக்கிறார்கள் என்று கேட்டாள், தெரியாது என்றேன். குதிரைக்கு என்ன பேர் என்று கேட்டாள், தெரியாது என்றேன். கம்பளியைப் பற்றிச் சொன்னேன், அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிற இடம் வரைக்கும் சொல்லி வந்தபோது பள்ளிக்கூடத்தில் தண்டவாளத் துண்டைத் தட்டிவிட்டார்கள். முடிவைச் சாயந்தரம் சொல்வதாகச் சொன்னேன்.

சாயந்தரம் பீலிக்குப் போனால் வாளிகள் வரிசையில் இருந்தன, ஆட்கள் வரிசையில் இல்லை. எல்லோரும் கனகுவைச் சுற்றி நின்றார்கள். அவள் படம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாததெல்லாம் ஒரு பகலுக்குள் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. மணி அடிப்பவள் ஒரு தாய், காணாமல் போன மகனுக்கு வழி தெரியட்டும் என்று ஊர் எல்லையில் நின்று அடித்துக்கொண்டே இருப்பாள். குதிரைக்கு ஒரு கண் தெரியாது, அதனால் அது வலப்பக்கம் மட்டும்தான் திரும்பும், அதனால்தான் அந்த ஆள் போகிற ஊருக்கெல்லாம் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேருகிறான். கதையின் நல்ல நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு விசிலடித்தாள். ராக்கம்மா அத்தை கூடக் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், வாயில் அடிக்கவில்லை.

"அந்தாளு என்னா போட்டிருந்தான் தெரியுமா?" என்று கனகு குரலைத் தாழ்த்தினாள். "கம்பளி. நம்ம கம்பளி."

பெண்கள் எல்லோரும் தங்கள் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "அட, நம்ம ஆளுதானா" என்று யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. நான் வெறும் வாளியோடு நின்றேன். மணியை எடுத்துக்கொள்ளட்டும், குதிரையை எடுத்துக்கொள்ளட்டும். கம்பளியை நான் கண்டுபிடித்தேன். அப்பாவிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் இரவெல்லாம் நெஞ்சில் வைத்திருந்து, சிநேகிதி என்று அவள் ஒருத்தியிடம் சொன்னது அது. அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், முடிவை மட்டும் சொல்லவே கூடாது என்று. எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

முடிவு தெரியாதது கனகுவுக்கு ஒரு குறையாகவே இருக்கவில்லை. ஒருநாள் கம்பளிக்காரன் செத்துப் போனான், பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மறுநாள் அவன் சாகவில்லை, கம்பளியில் குண்டு மாட்டிக்கொண்டது. இன்னொரு நாள் மணியடிக்கிற தாயிடமே போய்ச் சேர்ந்தான். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து அவள் முடிவை வைப்பாள். "நாங்க பாத்தோம்" என்பது ஒரு மாதத்துக்குள் "நான் பாத்தேன்" ஆகியது, அதை அவள் திட்டமிட்டுச் செய்தாள் என்று சொல்லமாட்டேன், காய் பழுப்பது போலத் தானாக ஆகியது. விசில் மலை முழுக்கப் பரவியது. ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி, மலையில் விசிலடித்தால் குளவி கலையும் என்று ஆட்களைத் திட்டுகிற அதே கங்காணி, வெற்றிலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே அந்த மெட்டை அடித்தார். தான் அடிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அம்மாவும் மற்றப் பெண்களும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சொல்லும்போது "கனகு பாட்டு" என்று சொன்னாள்.

அந்த நாட்களில் நான் தேயிலை மறைவில் உட்கார்ந்து விசில் பழகினேன். உதட்டைக் குவித்தேன், நாக்கை மடித்தேன், விரலை வைத்தேன். எச்சில்தான் வந்தது. உதடு வெடித்துப் போய் அம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள். பல்லுக்கு நடுவில் சந்து வேண்டும் என்று ஈர்க்குச்சியை இடுக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று அம்மா கனகுவைப் பார்த்துச் சொல்லும்போது அந்தச் சொல்லின் மறுபாதி என் மேல் விழும்.

ஒருதரம் துணிந்தேன். பீலியில் கனகு, கம்பளிக்காரன் ஒரு பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு இடமே கிடையாது. "அது அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"நீ எப்ப புள்ள படம் பாத்த?" என்று ஒருத்தி கேட்டாள். பகடி இல்லை, நிசமாகவே தெரியாமல் கேட்டாள். "வாயத் தொறந்ததே இன்னைக்குத்தான். கனகு சொல்லிக் கேட்டதுதானே நீயி."

நான் கனகுவைப் பார்த்தேன். அவள் வாளியைப் பார்த்தாள். தண்ணீர் வழிந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அப்பா இருந்தார், எனக்கு இருந்த ஒரே சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் லயத்து வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருக்க, கனகு வந்து உட்கார்ந்து அவருக்கே அந்தப் படத்தைச் சொன்னாள். தூங்கியவருக்கு, தூங்கிய படத்தை. அவர் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒற்றைக்கண் குதிரை ஆற்றங்கரையில் நின்றுகொண்டு இறங்க மறுக்கிற இடத்தில் "ப்ச்" என்றார். அவள் முடித்ததும் அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது.

"இப்பிடின்னு தெரிஞ்சிருந்தா தூங்கியிருக்க மாட்டேன் கனகு" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என்னிடம் படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அது நினைவுக்கு வந்தபோது நான் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்க் கறிவேப்பிலைச் செடியின் இலையெல்லாம் உருவிப் போட்டேன்.

அடுத்த வருடம் கனகு வீட்டுக்குப் "பாஸ்போட்" வந்துவிட்டது. அந்தக் காலத்தில் லயத்துக்கு லயம் அது வந்துகொண்டிருந்தது. யார் இந்தியாவுக்குப் போக வேண்டும், யார் இங்கே இருக்க வேண்டும் என்று யாரோ எங்கோ தீர்மானித்த கடதாசி. ராக்கம்மா அத்தை ஆடு இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்த உண்மையை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்: இனிமேல் பீலியில் அவள் இருக்கமாட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் ஒரு நாள் கூட நிற்கவில்லை, அதற்குள் அவள் கோச்சி என்கிற ரயிலில் போவாள், கப்பலில் போவாள், கடலைப் பார்ப்பாள், எனக்கு இதே மலையும் இதே வாளியும்தான் என்ற நினைப்பு வந்து அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போவதற்கு இரண்டு நாளுக்கு முன் அவள் எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு வந்தாள். நான் போஞ்சிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் குச்சி எடுத்துக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"தெய்வான, கடசில என்னா ஆச்சு? நெசமாலுமே."

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. விளங்காதது போல நின்றேன்.

"நீ சொல்லவே இல்லயே. நானா எதையாச்சும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அங்கிட்டுப் போனா அந்தப் படத்தப் பாத்தவங்க இருப்பாங்க, தப்பாச் சொன்னா சிரிப்பாங்கல்ல. நீதானே பாத்த."

நீதானே பாத்த. ஒரு வருடமாக நான் கேட்க ஏங்கிய சொல்லை, பீலியில் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை, போஞ்சிக் கொடிக்கு நடுவில், வேறு காதே இல்லாத இடத்தில் சொன்னாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முடிவு என் நாக்கு நுனியில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் அவளிடம் முழுப் படமும் இருக்கும், என்னிடம் ஒன்றும் இருக்காது.

"எனக்குத் தெரியாது. நான் தூங்கிட்டேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி புள்ள" என்றாள். மீதிக் குச்சிகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்தியா போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ரயிலுக்கு எங்கள் பக்கம் "ஒப்பாரிக் கோச்சி" என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று பதுளை ஸ்டேசனில் அன்று காலை நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கைகளும் வெளியேயிருந்து கைகளும் பின்னிக்கிடக்க, ஆண்களும் பெண்களும் மாரடித்து அழுதார்கள். அப்பா கூட அழுதார். கோச்சி அசைந்தது. அப்போது அந்த விசில் கேட்டது.

கனகு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அடித்தாள். அவசரமே இல்லாமல், தனியாக, காலி வழியில் நடந்து போகிறவன் மாதிரி. பக்கத்தில் ராக்கம்மா அத்தை இருந்தாள், கை ஓங்கவில்லை. பிளாட்பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்பாரி அடங்கி எல்லோரும் அந்த ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் கண் என்னைத்தான் பார்த்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போகும்போது கூட எல்லோரும் இவளைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். கையசைக்கவில்லை. கோச்சி வளைவில் மறைந்தபிறகுதான் என் கை தானாக எழுந்தது, அப்போது அசைத்து யாருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன், முப்பது வருடம் கொழுந்து எடுத்தேன், கல்யாணம் பண்ணி மூன்று பிள்ளை பெற்றேன். போன வருடம் மகன் ஒரு போன் வாங்கித் தந்தான். பாட்டின் பெயர் தெரியாவிட்டால் முனகிக் காட்டினாலே போன் கண்டுபிடித்துச் சொல்லும் என்றான். அவன் வேலைக்குப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கனகுவின் காதில் முனகியது போலவே வாயை மூடிக்கொண்டு போனிடம் முனகினேன். இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிட்டது. நாற்பது வருடமாக எனக்குத் தெரியாத பெயரும் படமும் உள்ளங்கையில் வந்து நின்றன.

முழுப் படத்தையும் பார்த்தேன். விசில் அப்படியே இருந்தது. கம்பளியும் இருந்தது, அதைக் கண்டதும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் மணியடிக்கிற தாய் வரவில்லை. நானும் இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவள் முகமே தெரியும், முக்காடு தெரியும், கயிற்றைப் பிடித்த கை தெரியும். ஒற்றைக்கண் குதிரையும் வரவில்லை, அது மறுத்து நின்ற ஆறும் வரவில்லை. இத்தனை காலமாக என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்த படத்தில் பாதிக்கு மேல் கனகு எடுத்த படம் என்று அப்போதுதான் தெரிந்தது. தியேட்டருக்குப் போனது நான், எனக்குள் இருப்பது அவள் படம்.

முடிவும் வந்தது. சண்டை முடிந்ததும் அந்த ஆள் குதிரையில் ஏறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட இல்லை. சின்னப் புள்ளியாகிப் போகும்வரை விசில் கேட்கிறது. இதைத்தான் நான் போஞ்சிக் கொடிக்கு நடுவில் வைத்துக் கொடுக்க மறுத்தேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து இந்தியா போன ஒருவருடைய மகன் போன திருவிழாவுக்கு வந்திருந்தான், அவனிடம் கனகுவின் நம்பர் இருந்தது. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறாளாம், அங்கேயும் தேயிலைதானாம். நம்பரை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தேன். படம் பார்த்த மறுநாள் அவளுக்குப் போன் எடுத்தேன். குரல் தடித்திருந்தது, மற்றபடி கனகுதான். யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று கேட்டாள். அப்பா போனதைச் சொன்னேன். அழுதாள். பதுளையில் அந்தத் தியேட்டர் இப்போது கட்டில் மேசை விற்கிற தளபாடக் கடை, திரை இருந்த இடத்தில் மெத்தைகளை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். பீலி இல்லை, வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, யாரும் வரிசையில் நிற்பதில்லை என்றேன். கம்பளி போடுகிறவர்களும் குறைவு, எல்லோரும் ரப்பர் சீட்டைத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்றேன். இதையெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் தைரியம் வந்தது.

"கனகு, அன்னைக்கு நான் தூங்கல."



"தெரியும் புள்ள" என்றாள். "நீயாவது தூங்குறதாவது. கம்பளியக் கூடப் பாத்தவ."

முடிவைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பேரப்பிள்ளைகளுக்கு அவள் சொல்கிற முடிவு ஒன்று இருக்கிறதாம், அதை மாற்றினால் அவர்கள் விடமாட்டார்களாம். என்ன முடிவு என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பீலியில் நின்ற பெண்களைப் போலவே கேட்டேன். படத்தில் இருப்பதைவிட எவ்வளவோ நல்ல முடிவு. வயிறு எரிந்தது.

கடைசியாக, அந்த விசிலை ஒருதரம் அடி என்றேன்.

"எங்கடி, முன்பல்லு ரெண்டும் போச்சு. காத்துதான் வருது" என்று சிரித்தாள்.

எனக்குள் ஒரு சின்னத் திருப்தி எட்டிப் பார்த்ததை மறைக்கமாட்டேன். சும்மா அடி என்றேன். அடித்தாள். வெறும் காற்று வந்தது. அந்தக் காற்று மெல்ல வளைந்தது, ஏறியது, ஓரிடத்தில் நின்று மணிக்கு வழி விட்டது, மறுபடி நடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வாயில் இன்றைக்கும் பல் முப்பத்திரண்டும் இருக்கின்றன.